மஞ்சள் விளக்கும் கரி பிடித்த வால்வும்

எஞ்சின் ஆயில் அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். பிரேக் எண்ணெய் குறைந்தாலும் சிவப்புதான். சிவப்பைக் கண்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சின் உருவத்தில் மஞ்சளாக எரியும் விளக்குதான் ஆளைக் குழப்புகிறது. “லைட்டு எரியுகு, ஆனா வண்டி ஓடத்தான செய்யுகு அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் குமரி மாவட்டத்தில் நிறைய. இன்னொரு சாரார் நேர் எதிர். விளக்கைக் கண்ட அன்றே ஒர்க் ஷாப்புக்குப் போவார்கள். ஸ்கேனரில் ‘ஈஜிஆர்’ என்று வந்த உடனே சில ஆயிரம் கொடுத்துப் புது வால்வு போடுவார்கள். ஒரே வாரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரியும். முதல் சாரார் வண்டியைக் கெடுக்கிறார்கள், இரண்டாம் சாரார் பணத்தைக் கரைக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று பார்க்காதது.

விளக்கு எரிந்த முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளக்கு நின்று எரிகிறதா, மின்னி மின்னி எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் மின்னினால் எஞ்சினில் மிஸ்ஸிங் இருக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக்கூடாது. நின்று எரிந்தால் சூட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். சூடு சரியாக இருந்து, வண்டியும் வழக்கம்போல் இழுத்தால், நிதானமாக ஊர் வந்து சேரலாம். ஆக்ஸிலேட்டரை அமுக்கியும் வேகம் ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற அதன் பலத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. அந்த நிலையில் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே ஒரு பேருந்தை முந்தப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

அடுத்து வால்வு. எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன் என்பதன் சுருக்கமே ஈஜிஆர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்பவும் உள்ளிழுக்கும் காற்றோடு கலந்துவிடுகிற வழி அது. அந்த வழிக்குக் கதவாக இருப்பது இந்த வால்வு. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதைக் கலந்தால் சிலிண்டருக்குள் உச்ச வெப்பம் தணியும். உச்ச வெப்பம் தணிந்தால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறுவது குறையும். நுரையீரலை அரிப்பதும், வெயிலில் வேறு வாயுக்களோடு கூடி ஓசோனாவதும் இந்த ஆக்சைடுதான். 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்த பிஎஸ்4 விதி, டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 அதை 0.08 கிராமாக இறக்கியது. இந்த இறக்கத்தில் ஈஜிஆர் வால்வுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையின் அசோக் லேலண்ட் நிறுவனம் 2017-இல் பிஎஸ்4 லாரிகளுக்கு யூரியாக் கரைசல் தேவைப்படாத ஐஇஜிஆர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் இதே தத்துவத்தை நம்பித்தான்.

குமரி மாவட்டத்துச் சாலைகளில் இந்த வால்வு ஏன் சீக்கிரம் அடைபடுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எஞ்சினுக்குப் பாரம் குறைவாக இருக்கும்போதுதான் ஈஜிஆர் அதிகம் திறக்கும். முழு ஆக்ஸிலேட்டரில் அது மூடிக்கொள்ளும். சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் மக்கள் மிக நெருங்கி வாழும் மாவட்டம் இது என்றது 2011 கணக்கெடுப்பு. சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள் 18.7 லட்சம் பேர். ஊர் முடியும் இடம் தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடும். வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே போகிற வண்டியில் வால்வு பெரும்பாலான நேரம் திறந்தே கிடக்கும். பாரம் இல்லாததால் புகைக்குச் சூடும் போதாது. புகையிலுள்ள கரியும், எஞ்சின் கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் அந்த இளஞ்சூட்டில் கலந்து, உருளியின் அடியில் இறுகிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி வால்வின் தண்டிலும் இருக்கையிலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து சந்தை என்று எஞ்சின் சூடேறும் முன்பே நின்றுவிடும் வண்டிகளுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

மாவட்டத்தில் இந்தக் கோளாறுக்கு நல்ல எடுத்துக்காட்டு 1248 சிசி டீசல் எஞ்சின் வண்டிகள். ஃபியட்டின் மல்டிஜெட் எஞ்சின் அது. மாருதி அதையே டிடிஐஎஸ் என்ற பெயரில் 2007-இல் ஸ்விஃப்டிலும், பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகாவிலும் போட்டது. டாடா குவாட்ராஜெட் என்ற பெயரில் இண்டிகா விஸ்டாவில் போட்டது. 2020-இல் மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டாலும், டிஎன் 74, டிஎன் 75 எண் பலகையோடு இந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புல்லிங் குறைவு, நின்ற இடத்தில் நடுக்கம், ஏற்றத்தில் கரும்புகை, கூடவே மஞ்சள் விளக்கு: இந்த நான்கும் சேர்ந்தால் அனுபவப்பட்ட மெக்கானிக்கின் கை நேராக ஈஜிஆர் பக்கம் போகும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை நம்பிப் பணம் கட்டக்கூடாது. குறியீட்டைப் படிக்க வேண்டும்.

ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி சாக்கெட் என்பது அதுதான். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது; இந்தியாவில் பிஎஸ்4 காலத்தில் வந்தது, 2013 முதல் அதன் இரண்டாம் கட்டம். ஒர்க் ஷாப் ஸ்கேனர் இங்கேதான் மாட்டப்படுகிறது. கைபேசியோடு புளூடூத்தில் பேசும் ஈஎல்எம்327 வகைச் சிறு கருவியை மாட்டினாலும் அடிப்படைக் குறியீடுகள் தெரியும். எந்தக் குறியீடு வந்தாலும் அழிக்கும் முன்பு அதை எழுதி வைக்க வேண்டும். குறியீட்டோடு சேர்த்து, குறை தெரிந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் கம்ப்யூட்டரில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பிறகு மெக்கானிக் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

ஈஜிஆர் குறியீடுகள் எல்லாம் ஒன்றல்ல. பி0401 என்றால் போதுமான புகை திரும்பி வரவில்லை. பி0402 என்றால் வர வேண்டியதைவிட அதிகம் வருகிறது, அதாவது வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். பி0403 மின்சுற்றுக் குறை. பி0404, வால்வு சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்கிறது. பி0405, பி0406 இரண்டும் வால்வின் நிலையைச் சொல்லும் சென்சாரைப் பற்றியவை. பி0403-க்கு வால்வைக் கழற்றிக் கரி சுரண்டுவது வீண் வேலை. பி0402-க்கு வயரைத் தேடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதிகம் வருவதும், அதிகம் ஏமாற்றுவதும் பி0401. டீசல் வண்டியில் திரும்பி வரும் புகையை நேரடியாக அளக்கும் கருவி பெரும்பாலும் கிடையாது. கம்ப்யூட்டர் சுற்றுவழியில் கணக்குப் போடுகிறது. ஏர் ஃபில்ட்டருக்கு அடுத்து இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சார், எவ்வளவு புதுக்காற்று உள்ளே போகிறது என்று சொல்லும். ஈஜிஆர் திறந்தால் சிலிண்டருக்குள் புகை இடம் பிடிக்கும், அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ‘புகை வரவில்லை’ என்று முடிவு கட்டி விளக்கை ஏற்றும். ஆக, ஏர்ஃப்ளோ சென்சாரில் தூசி படிந்து தப்புக் கணக்குச் சொன்னாலும் பி0401 வரலாம். ஈஜிஆர் கூலருக்குள் குழாய் அடைத்தாலும் வரலாம். பழைய வகை வேக்குவம் வால்வில், சூட்டில் வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸும் அதே குறியீட்டைக் கொடுக்கும். வால்வு மாற்றியும் விளக்கு அணையாத வண்டிகளில் முதலில் இங்கே தேட வேண்டும்.

இதைப் பிரித்தறியும் சோதனை அரை மணிக்கூர் வேலைதான். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஐட்லிங்கில் விட வேண்டும். ஸ்கேனரில் ஏர்ஃப்ளோ அளவை எடுத்து வைத்துக்கொண்டு, ஆக்சுவேட்டர் டெஸ்ட் வழியாக ஈஜிஆரைத் திறக்கச் சொல்ல வேண்டும். திறந்ததும் காற்றின் அளவு கண்ணெதிரே இறங்கி, எஞ்சின் சத்தமும் மாறினால், வழி திறந்திருக்கிறது, வால்வும் வேலை செய்கிறது. சந்தேகம் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும். அளவு அசையவே இல்லை, ஆனால் வால்விலிருந்து ‘டிக்’ என்ற சத்தம் வருகிறது என்றால் அடைப்பு. சத்தமும் இல்லை என்றால் மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை செய்யாமல் “வால்வு போச்சு” என்று சொல்பவரிடம், அதைச் செய்து காட்டும்படி வண்டிக்காரர் தயங்காமல் கேட்கலாம்.

மின்சாரக் குறைக்குக் குமரியில் தனிக் காரணங்கள் உண்டு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. 2021 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மழையிலும் வண்டிகள் தண்ணீரில் ஓடியதும் நின்றதும் ஊரறிந்த விஷயம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கடற்கரைகளில் உப்புக்காற்றிலேயே கிடக்கும் வண்டிகளும், ஐஸ் தண்ணீர் சொட்ட மீன் ஏற்றும் வண்டிகளும் உண்டு. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சைக் களிம்பு தெரியும். அதற்குப் பரிகாரம் புது வால்வு அல்ல. கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றி, ‘டக்’ என்று லாக் விழும்வரை அழுத்தி மாட்டுவதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய், களிம்பு இன்னும் வேகமாகத் திரும்பும். தென்னந்தோப்பு வீடுகளில் பானட்டுக்குள் குடியேறும் எலியையும் மறந்துவிடக்கூடாது. எலி கடித்த ஒரு வயருக்கு மொத்த வால்வும் பலியாகக்கூடாது. சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரால் பார்த்தால், பெரும்பாலான மின் வால்வுகளின் நிலை சென்சாருக்கு 5 வோல்ட் வந்து நிற்க வேண்டும். அது இல்லையென்றால் வால்வைத் தொட வேண்டாம், வயரைத் தேட வேண்டும்.

கரிதான் காரணம் என்று உறுதியானால் கழற்றலாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எந்த ஹோஸ் எங்கே இருந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சில வால்வுகளைச் சுற்றிக் கூலன்ட் ஓடும். அந்த ஹோஸைக் கழற்றினால் வழியும் கூலன்டைப் பிடித்து வைத்துப் பிறகு நிரப்ப வேண்டும். வருடக்கணக்கில் சூடேறி ஆறிய போல்ட்டுகள் இறுகிப்போய் இருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவது, போல்ட் தலையை உடைத்துவிட்டு எஞ்சின் பிளாக்கில் துளை போடுவதைவிட எவ்வளவோ மேல்.

வால்வு கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது இரண்டு இடம்: தண்டு, அது வந்து உட்காரும் வட்டம். கரி தடிமனாகப் படிந்த வால்வில் அந்த வட்டமே கண்ணுக்குத் தெரியாது. மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் துண்டாலோ மேல் கரியை அகற்றிவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தை விடவே கூடாது. மோட்டாரும் மின் பகுதியும் எப்போதும் மேலே இருக்கும்படி வால்வைப் பிடித்துக்கொண்டுதான் கழுவ வேண்டும். கரைந்த கரியும் திரவமும் கீழ்நோக்கி வழிய வேண்டும். வால்வை அப்படியே பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டால் திரவம் மின் பகுதிக்குள் இறங்கிவிடும். காலையில் சுத்தமான வால்வு கிடைக்கும், மாலையில் பி0403 வரும். இரும்பு வயர் பிரஷ் வட்டத்தில் கீறல் போடும். கீறலின் வழியே புகை எப்போதும் கசியும். மோட்டாரால் திறக்கும் வால்வை ஸ்குரூ டிரைவர் கொடுத்து நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும். ஸ்பிரே சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி இவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

கழுவிய பிறகு தண்டைக் கையால் மெல்ல அழுத்தினால் தடையில்லாமல் போய், ஸ்பிரிங் தள்ளத் திரும்பி வந்து வட்டத்தில் முழுசாக உட்கார வேண்டும். கை அழுத்தத்துக்கு அசையாத மோட்டார் வகையை ஸ்கேனர் மாட்டித்தான் சோதிக்க வேண்டும். வால்வு உட்கார்ந்திருந்த இன்டேக் மேனிஃபோல்டின் வாயிலும் கரி இருக்கும். அதைச் சுரண்டும்போது துண்டுகள் உள்ளே விழாமல் வேக்குவம் கிளீனர் குழாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே செய்ய வேண்டும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது. சின்னத் தொகைதான், அதில் சேமிக்கப் பார்த்தால் புகை கசிந்து, பானட்டைத் திறக்கும்போதெல்லாம் கரி வாடை அடிக்கும்.

மாட்டி முடித்ததும் குறியீட்டை அழித்து, வால்வின் மூடிய நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டிய வண்டிகளில் அதையும் ஸ்கேனரில் செய்ய வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டதால் நன்றாகக் கழுவிய வால்வைக் குற்றம் சொன்னவர்கள் உண்டு. குறியீட்டை அழிக்காமல் விட்டாலும், கோளாறு உண்மையில் தீர்ந்திருந்தால் பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாதபோது விளக்கு தானே அணையும். கழுவியும் தண்டு தளர்ந்து ஆடினாலோ, சென்சார் அளவு குதித்துக் குதித்துக் காட்டினாலோ, அப்போதுதான் புது வால்வுக்கு நேரம் வந்திருக்கிறது.

“ஒரு தகடு வச்சு அடைச்சு விட்டா சோலி முடிஞ்சு அண்ணாச்சி” என்ற யோசனை எந்த ஊரிலும் கிடைக்கும். கேஸ்கட்டுக்கு இடையே மெல்லிய தகட்டை வைத்துப் புகை வழியையே மூடுவது அது. புல்லிங் கூடியது போலத் தோன்றும், கரும்புகையும் குறையலாம். புகைப் பரிசோதனையிலும் தேறிவிடும், ஏனென்றால் டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் அடர்த்தியைத்தான். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயு, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடை வைத்திருப்பவரின் மூச்சில் போய்ச் சேரும். சோதனையில் பிடிபடாது என்பதற்காகச் செய்யத் தகுந்த காரியம் இல்லை இது. சோதனை நேரத்தில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைப் போட்டதற்காகத்தான் ஃபோக்ஸ்வேகன் 2015-இல் உலகெங்கும் தலைகுனிந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. தகடு வைப்பது அதே காரியத்தின் சிறு வடிவம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி, காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தவிர, ஓபிடி உள்ள வண்டியில் தகடு வைத்தால் புகை வரவில்லை என்று கம்ப்யூட்டர் மறுபடியும் பி0401-ஐக் காட்டும். அணைக்க நினைத்த விளக்கு அங்கேயே எரியும்.

ஈஜிஆர் கூலருக்கு ஒரு தனி எச்சரிக்கை. திரும்பி வரும் புகையைக் கூலன்டால் குளிர்விக்கும் பெட்டி அது. வெளியே எங்கும் கசிவில்லாமல் கூலன்ட் மட்டும் அடிக்கடி குறைந்தால், கூலர் உள்ளே வெடித்துப் புகைவழிக்குள் கசியலாம். 2018-இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது நிறுவனம் காரணமாகச் சொன்னது இதைத்தான். கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டு எரிந்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மஞ்சள் விளக்கும் கூலன்ட் குறைவும் சேர்ந்து வந்தால் அந்த வண்டியை வீட்டுமுறையில் பார்க்காமல் நல்ல ஒர்க் ஷாப்பில் விடுவதே சரி.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் தேட வேண்டியது பெரும்பாலும் வேறு வால்வு. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைக் கரிப்பெட்டியில் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது உள்ளே அனுப்புகிற பர்ஜ் வால்வு அது. குறியீடு பி0443 போன்றவை. பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் அந்த வால்வு மூடாமல் நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டிய வால்வு இது. கழற்றி ஒரு முனையில் ஊதினால் காற்று போகக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று திறந்து காற்று போக வேண்டும். இரண்டு ஹோஸ், ஒரு கனெக்டர், பத்து நிமிட வேலை.

டீசல் வண்டியைக் கழுவிய பிறகு, அது மறுபடி அடைபடாமல் பார்ப்பது ஓட்டுகிற முறையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூட்டில் ஓட வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிக் காவல்கிணறில் நான்குவழிச் சாலை ஏறி, ஒரு கியர் குறைத்து எஞ்சின் வேகத்தைச் சற்று உயர்த்தி அரை மணிக்கூர் ஓட்டிவிட்டுத் திரும்பலாம். இறுகிய கரியை இது கரைக்காது. புதுக்கரி சேர்வதைத் தாமதப்படுத்தும். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்6 டீசலுக்கு இந்த ஓட்டம் இன்னும் அவசியம், ஏனென்றால் வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து தீர அந்தச் சூடு வேண்டும். ஆயிலைக் கையேட்டில் சொன்ன ரகத்தில், சொன்ன இடைவெளியில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். லேசான எண்ணெய்ப் பூச்சு இயல்பு. எண்ணெய் தேங்கி வழிந்தால், அடுத்த முறை வால்வைக் கழுவும் முன்பு டர்போவின் சீலையும் கிராங்க் கேஸ் காற்றுவழியையும் பார்த்துவிட வேண்டும்.